பூச்சி, பூ, நத்தை, எலி: மறுமலர்ச்சிக் காலத்து செப்புத்தகட்டுப் படங்கள் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவுல 1500கள்லயும் 1600களோட ஆரம்பத்துலயும் அச்சான பூச்சி, செடி, குட்டி விலங்கு படங்கள நான் தெரிஞ்சவங்களுக்கு அனுப்ப ஆரம்பிச்சதுல இருந்து ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உட்கார்ந்தேன். சுலபமான கேள்விங்க மேல, சிக்கலானது கீழ. இந்தப் படங்கள்ல எதப் பார்த்தாலும் எனக்கு முதல்ல தோணுறது ஒண்ணே ஒண்ணுதான்: வரைஞ்சவர் இந்தப் பூச்சிய நேர்ல பார்த்தாரா, இல்ல இன்னொருத்தர் வரைஞ்ச படத்தப் பார்த்தாரா? கீழ இருக்குற பாதி பதில் அங்கதான் போய் நிக்கும்.

இது பெயிண்டிங்கா இல்ல பிரிண்டா? ரெண்டும் சேர்ந்த மாதிரி இருக்கே

நான் அனுப்புறதுல பெரும்பாலானது பிரிண்ட். செப்புத் தகட்டுல கோடு கோடா செதுக்கி, அதுல மை ஏத்தி, காகிதத்துல அழுத்தி எடுக்குற என்கிரேவிங். கறுப்பு வெள்ளையா, உத்துப் பார்த்தா நிழல் எல்லாமே மெல்லிசான கோடுகளால ஆனதா இருந்தா அது என்கிரேவிங்னு வச்சுக்கலாம்.

ஆனா இதே ஆளுங்க தோல் தாள்ல கலர்லயும் வரைஞ்சிருக்காங்க, அதுல ஒரு பிரதிதான் இருக்கும், அரசர்களோட அலமாரிக்குள்ள போயிடும். பிரிண்ட் அப்படி இல்ல, நூத்துக்கணக்குல அடிக்கலாம், சந்தையில விக்கலாம், ஊர் ஊரா போகும். ஒரு தும்பி படம் பிராங்பர்ட்ல இருந்து கிளம்பி முகம் தெரியாத ஒரு நகை செய்யிற தட்டார் கைக்குப் போய்ச் சேர்ந்து நகையில ஏறுச்சுன்னா அதுக்குக் காரணம் இந்தப் பிரிண்ட்தான்.

செம்புல எப்படிங்க இவ்வளவு மெல்லிசா கோடு போடுறாங்க?

பியூரின்னு ஒரு கருவி. நாலு பட்டை வச்ச எஃகு கம்பி, நுனிய சாய்வா வெட்டிக் கூராக்கியிருப்பாங்க, பின்னாடி உள்ளங்கைக்குள்ள அடங்குற மாதிரி ஒரு மரக் குமிழ். அதப் பிடிச்சு தகட்டுல முன்னாடி தள்ளணும், பேனா மாதிரி இழுக்கக் கூடாது. ஏர் ஓட்டும்போது ரெண்டு பக்கமும் மண்ணு புரண்டு நிக்கும்ல, அதே மாதிரி கோட்டுக்கு ரெண்டு பக்கமும் செம்பு துருத்திக்கிட்டு நிக்கும், அதச் சுரண்டி எடுத்துடுவாங்க. வளைவு வேணும்னா கைய வளைக்கிறது கம்மி, தகட்ட ஒரு சின்ன தோல் மெத்தை மேல வச்சு தகட்டையே திருப்புவாங்க. ஒரு நத்தை ஓட்டோட சுழிய இப்படித் தகட்டச் சுத்திச் சுத்தித்தான் கொண்டு வந்திருக்கணும், அத நெனச்சுக்கிட்டே பாருங்க, படம் வேற மாதிரி தெரியும்.

அப்புறம் தகடு முழுக்க மை தேய்ச்சு மேல்பரப்ப மட்டும் துடைச்சிடுவாங்க, பள்ளத்துல மட்டும் மை தங்கும். ஈரக் காகிதத்த மேல போட்டு ரெண்டு உருளைக்கு நடுவுல அழுத்தமா ஓட்டினா காகிதம் பள்ளத்துக்குள்ள இறங்கி மைய எடுத்துக்கிட்டு வரும். அழுத்தின அழுத்துல தகட்டோட விளிம்பு காகிதத்துல ஒரு பள்ளமா பதிஞ்சிடும். இந்தத் தடத்த ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி ஒரு கேள்விக்கு உதவும்.

மரக்கட்டை அச்சும் இதுவும் ஒண்ணுதானே?

நேர் எதிர். மரக்கட்டையில கோடு மேடா நிக்கும், சுத்தி இருக்குற மரத்தச் செதுக்கி எடுத்துடுவாங்க, மேட்டுல மை தடவி அடிக்கிறது. அதனால அதையும் ஈய எழுத்தையும் ஒண்ணா அடுக்கி ஒரே தடவையில அச்சடிக்கலாம், புத்தகத்துக்கு வசதி. செப்புத் தகட்டுக்கு தனி பிரஸ், தனி ஓட்டம், செலவு அதிகம். 1530ல ஸ்ட்ராஸ்பர்க்ல வந்த ப்ரூன்ஃபெல்ஸோட மூலிகை புத்தகம், 1542ல பாசெல்ல வந்த லியோன்ஹார்ட் ஃபுக்ஸோட மூலிகை புத்தகம், சூரிச்ல கெஸ்னர் 1551ல இருந்து போட்ட விலங்கு வரலாறு எல்லாமே மரக்கட்டைதான்.

செடிக்கு மரக்கட்டை தாங்கும். ஃபுக்ஸ் புத்தகத்துல ஐநூறுக்கு மேல செடி, அத வரைஞ்சவர், கட்டைக்கு மாத்தினவர், செதுக்கினவர்னு மூணு கலைஞர்களோட உருவத்தையும் கடைசியில போட்டிருக்காங்க, அந்தக் காலத்துல அது எவ்வளவு பெரிய மரியாதை! ஆனா கொசு கால், தும்பி இறக்கை நரம்பு மாதிரி விஷயத்துக்கு மரக்கட்டை திணறும், மெல்லிசான மேட்டுக் கோடு பிரஸ்ல உடைஞ்சிடும். பூச்சி படம் செம்புக்கு வந்த பிறகுதான் உயிர் பிடிச்சுதுங்கிறது என் கருத்து.

ஹூஃப்நாகல் யாரு? நீங்க போடுற படத்துல பாதிக்கு மேல அந்தப் பேருதான் இருக்கு

யோரிஸ் ஹூஃப்நாகல், 1542ல ஆன்ட்வெர்ப்ல ஒரு நகை, வைர வியாபாரி வீட்டுல பிறந்தவர். 1576ல ஸ்பானிஷ் படை அந்த ஊரக் கொள்ளையடிச்சுது, அதுக்கப்புறம் ஊர விட்டுக் கிளம்பி, வரைபடக்காரர் ஓர்டெலியஸ் கூட இத்தாலி வரைக்கும் போயிட்டு வந்து, மியூனிக்ல பவேரிய டியூக் அரண்மனையில வேலை பார்த்தார், பின்னாடி பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்கும் வரைஞ்சார். நிலம், நீர், காற்று, நெருப்புன்னு நாலு தொகுதியா அவர் தோல் தாள்ல வரைஞ்ச உயிரினங்கள் இப்ப வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்துல இருக்கு. பூச்சி எல்லாம் நெருப்புத் தொகுதியில. அதுல ஒரு பக்கத்துல தும்பிக்கு இறக்கைய வரையாம நிஜ தும்பி இறக்கையவே ஒட்டியிருக்கார்.

பிரிண்ட் கதை அவர் பையன் யாக்கோப் கிட்ட ஆரம்பிக்குது. அப்பாவோட வரைபடங்கள வச்சு 1592ல பிராங்பர்ட்ல 'ஆர்கெடிபா'ங்கிற தொகுப்ப வெளியிட்டான். நாலு பாகம், ஒவ்வொண்ணுலயும் ஒரு முகப்பும் 12 படமும், ஆக மொத்தம் 52 தகடு. ஒரு படம் சுமாரா 15க்கு 21 சென்டிமீட்டர்தான் இருக்கும். முகப்புலயே தன்னோட வயசு 17ன்னு போட்டிருக்கான். அந்த வயசுல அந்தக் கை, எனக்கு ஒவ்வொரு தடவையும் மலைப்பாதான் இருக்கு.

ஒரே பக்கத்துல ரோஜா, ஈ, நத்தை, எலி, பேரிக்காய்... சம்பந்தமே இல்லாம ஏன் இப்படி?

உங்க கண்ணு சரியாத்தான் பார்த்திருக்கு, சம்பந்தம் இல்லதான். இந்தப் பூச்சி இந்தச் செடியிலதான் வாழும்னு சொல்றதுக்காகப் போட்ட படம் இல்ல அது. நடுவுல ஒரு செடி, ரெண்டு பக்கமும் சரிசமமா பூச்சிங்க, கீழ ஒரு பழமோ தவளையோன்னு பக்கத்த அழகா நிரப்புற முறை அது, பழைய கையெழுத்துப் பிரார்த்தனை புத்தகங்களோட ஓரத்துல பூவும் ஈயும் வரைவாங்களே, அந்த பழக்கத்தோட தொடர்ச்சி. இப்ப பெல்ஜியமா இருக்குற ஃபிளாண்டர்ஸ் பக்கம் அந்த ஓர வேலை ரொம்ப பிரபலம், ஹூஃப்நாகல் அந்த மண்ணுல வந்தவர்.

அளவும் ஒத்துப் போகாது, எலியும் வண்டும் கிட்டத்தட்ட ஒரே சைஸ்ல இருக்கும். ஒவ்வொரு உயிரையும் தனியா பாருன்னு சொல்ற மாதிரி எனக்குப் படும், எதுக்கும் யாரும் துணைப் பாத்திரம் கிடையாது. நடைமுறை காரணமும் ஒண்ணு இருக்கு: ஓவியர், தட்டார், எம்பிராய்டரி போடுறவங்க இதெல்லாம் வாங்கி, வேண்டியத மட்டும் எடுத்து தங்களோட வேலையில வச்சுக்கிட்டாங்க. பிரிச்சு எடுக்க வசதியா தனித்தனியா நின்னா நல்லதுதானே.

மேலயும் கீழயும் லத்தீன்ல ஏதோ எழுதியிருக்கே, பூச்சி பேரா அது?

பேர் இல்ல. பைபிள் வரிகள், பழமொழிகள், சின்னச் சின்ன கவிதை வரிகள். எராஸ்மஸ்ங்கிற அறிஞர் தொகுத்த பழமொழிகள்ல இருந்தும் எடுத்திருக்காங்க. படைச்சவனோட கைவண்ணம் பெரிய யானையில மட்டும் இல்ல, இத்தனூண்டு பூச்சியிலயும் இருக்கு, வாழ்க்கை சீக்கிரம் முடிஞ்சிடும், பூ வாடிடும்ங்கிற மாதிரி எண்ணங்கள்.

இது சாமி படமான்னும் சிலர் கேட்டாங்க. அவங்களுக்கு ரெண்டும் வேற வேற இல்ல, உத்துப் பார்க்கிறதே ஒரு வழிபாடுதான். மதச் சண்டையில ஊரே எரிஞ்சதப் பார்த்த ஹூஃப்நாகல் மாதிரி ஒரு மனுஷன் எந்தப் பக்கமும் சேராத ஒரு கம்பளிப்பூச்சிய எடுத்து வச்சு மணிக்கணக்கா வரைஞ்சிருக்கார்ங்கிறத நெனச்சா மனசு கனத்துப் போகுது.

மைக்ரோஸ்கோப்பே இல்லாம இவ்வளவு டீடெயில் எப்படி சார்?

நல்ல கண்ணு, நல்ல வெளிச்சம், செத்த பூச்சிய கையில வச்சுத் திருப்பிப் பார்க்கிற பொறுமை. உருப்பெருக்கிக் கண்ணாடி, மூக்குக்கண்ணாடி எல்லாம் அப்ப இருந்துச்சு, அதுல கிடைக்கிற அளவுக்கு மேல இந்தப் படங்கள்ல எதுவும் இல்ல. ஈயோட கண்ணு ஒரு பளபளப்பான உருண்டையாத்தான் இருக்கும், அதுக்குள்ள இருக்குற ஆயிரக்கணக்கான சில்லுங்க தெரியாது. மைக்ரோஸ்கோப்ல பார்த்து அச்சான முதல் படம்னா 1625ல ரோம்ல வந்த தேனீ படந்தான், ஸ்டெல்லூட்டியோட வேலை, லிஞ்சேய் அகாடமிங்கிற அறிவியல் சங்கத்துக்காரங்க போப் எட்டாம் அர்பனுக்கு காணிக்கையா வெளியிட்டது, அந்தப் போப்போட குடும்பச் சின்னத்துலயே தேனீ உண்டு. ராபர்ட் ஹூக்கோட பிரபலமான தெள்ளுப்பூச்சி 1665ல. அதெல்லாம் அடுத்த தலைமுறை.

ப்ரோ, உண்மையச் சொல்லுங்க, இதெல்லாம் நேர்ல பார்த்து வரைஞ்சதா இல்ல ஒருத்தரப் பார்த்து ஒருத்தர் காப்பியா?

ரெண்டும் கலந்தது, இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1505ல ஒரு மான்கொம்பு வண்டு வரைஞ்சார், வாட்டர்கலர், இப்ப லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி மியூசியத்துல இருக்கு, தலையத் தூக்கிக்கிட்டு நிழலோட நிக்கும். அது நேர்ல பார்த்த கண்ணு, சந்தேகமே இல்ல. எழுபது எண்பது வருஷம் கழிச்சு ஹூஃப்நாகல் தன்னோட நெருப்புத் தொகுதியில போட்ட மான்கொம்பு வண்டு டியூரரோடதப் பார்த்து வரைஞ்சது. ஹூஃப்நாகலுக்கு நிஜ வண்டு கிடைக்காமயா இருந்திருக்கும்? ஐரோப்பிய ஓக் மரக் காட்டுல கிடைக்கிற வண்டுதான். டியூரருக்கு செய்யிற மரியாதையாத்தான் நான் அத எடுத்துக்கிறேன், அந்தக் காலத்துல பெரிய ஆசான் வரைஞ்சத எடுத்து வரையிறது திருட்டு கிடையாது.

ஆனா காப்பி பண்றதுல ஆபத்தும் உண்டு, அதுக்கும் டியூரரே சாட்சி. 1515 மே மாசம் லிஸ்பனுக்கு ஒரு காண்டாமிருகம் கப்பல்ல வந்து இறங்குச்சு, குஜராத் சுல்தான் இரண்டாம் முசாஃபர் ஷா போர்த்துகீசியருக்குக் கொடுத்தது, கோவா வழியா போனது. நியூரம்பெர்க்ல இருந்த டியூரர் அதப் பார்க்கவே இல்ல, வந்த ஒரு கடிதத்தையும் ஸ்கெட்சையும் வச்சு மரக்கட்டை அச்சுக்கு வரைஞ்சார். தோல் மடிப்பெல்லாம் கவசத் தகடு ஆயிடுச்சு, முதுகுல இல்லாத ஒரு குட்டிக் கொம்பு முளைச்சிடுச்சு. அடுத்த வருஷமே அந்த மிருகம் இத்தாலிக் கடலோரம் கப்பல் மூழ்கி செத்துப்போச்சு, ஆனா அந்த முதுகுக் கொம்பு மட்டும் கெஸ்னர் புத்தகம் உட்பட புத்தகத்துக்குப் புத்தகம் தாவி 1700கள் வரைக்கும் உயிரோட இருந்துச்சு. பூச்சி படங்கள்லயும் இதே தான் நடக்கும், ஒரு தகட்டுல கால் எண்ணிக்கையோ உணர்கொம்போ தப்பாச்சுன்னா அடுத்தடுத்த காப்பியில அந்தத் தப்பு அப்படியே போகும். அதனால ஒரு படம் அசலான பார்வையான்னு தெரியணும்னா நான் முதல்ல காலையும் மூட்டையும் பார்ப்பேன், காப்பி பண்றவங்க பெரும்பாலும் சோம்பேறித்தனம் காட்டுற இடம் அதுதான்.

நத்தை ஓடு எதிர்ப்பக்கமா சுத்துது, கவனிச்சீங்களா? தப்பா வரைஞ்சுட்டாங்களா?

அருமையான கேள்வி. நத்தையோட கூர்முனைய மேல வச்சு வாய் நம்மளப் பார்க்கிற மாதிரி பிடிச்சா, பெரும்பாலான வகைகள்ல வாய் வலது பக்கம் இருக்கும். ஐரோப்பிய தோட்டத்து நத்தைகள்ல இடது பக்கம் வாய் இருக்கிறது ரொம்பவே அபூர்வம். ஆனா தகட்டுல இருக்குறது காகிதத்துல கண்ணாடி பிம்பமா திரும்பி விழும், ரெண்டாவது கேள்வியில சொன்ன பிரஸ் முறைய யோசிச்சா புரியும். வரைபடத்த அப்படியே தகட்டுல செதுக்கினா அச்சுல இடம் வலம் மாறிடும். பூவுக்கும் வண்டுக்கும் இது தெரியவே தெரியாது, நத்தைதான் காட்டிக் கொடுக்கும்.

கவனமா இருக்கணும்னு நெனச்சவங்க முதல்லயே திருப்பிச் செதுக்குவாங்க, எழுத்த அப்படித்தானே செதுக்கியாகணும். இத ஒரு குறையா நான் சொல்லல, ஏன்னா 1650ல டச்சு ஓவியர் ரெம்பிராண்டே ஒரு கூம்புச் சங்கு எட்சிங் (தகட்ட அமிலத்தால அரிச்சு எடுக்குற அச்சு) போட்டார், கையெழுத்தத் திருப்பிப் போட்டு சரியா வர வச்சவர் சங்க அப்படியே விட்டுட்டார், அச்சுல அது எதிர்ப்பக்கம் சுத்துது.

நம்ம ஊரு செடி, பூச்சி ஏதாவது இந்தப் படங்கள்ல இருக்கா?

இந்தப் படங்கள் ஐரோப்பாவோடது, அவங்க தோட்டம், அவங்க வயல். ஆனா ஒரு சுவாரசியம்: ஃபுக்ஸ் 1542 புத்தகத்துல மிளகாய்ச் செடிக்கு படம் போட்டு அத கள்ளிக்கோட்டை மிளகுன்னு சொல்லியிருக்கார். மிளகாய் அமெரிக்காவுல இருந்து வந்ததுன்னு அவருக்குத் தெரியல, காரமா இருக்கு, அப்ப இந்தியாவுலதான் வந்திருக்கணும்னு நம்பிட்டாங்க. படம் கச்சிதம், பேர் தப்பு.

நிஜமாவே நம்ம பக்கத்துச் செடிகள் செப்புத்தகட்டுல பெரிய அளவுல ஏறினது ரொம்ப பின்னாடி, 1678ல இருந்து 1693 வரைக்கும் ஆம்ஸ்டர்டாம்ல 12 பாகமா வந்த ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்ல. கொச்சியில டச்சு ஆளுநரா இருந்த வான் ரீட் அதச் செய்ய வச்சார், கேரள வைத்தியர்கள் தகவல் கொடுத்தாங்க. மறுமலர்ச்சிக் காலம் முடிஞ்சு போன பிறகு வந்தது, ஆனா தகட்டு முறை அதே.

கலர்ல இருக்குற பிரிண்ட் ஒரிஜினலா, யாராவது பின்னாடி அடிச்சதா?

அச்சுல வர்றது ஒரு மை மட்டும், கலர் எல்லாம் பிரஷ்ல கையால அடிக்கிறது. சிலது அப்பவே அடிச்சது, 1613ல பெஸ்லர் வெளியிட்ட ஐஷ்டேட் தோட்டத்துப் புத்தகம் (367 பெரிய தகடு, ஆயிரத்துக்கு மேல செடி, ஒரு பிஷப்போட தோட்டம்) கலர் இல்லாமயும் வந்துச்சு, கையால கலர் அடிச்சும் பெரிய விலைக்குப் போச்சு. சிலது பிற்காலத்துல வியாபாரிங்க விலை ஏத்த அடிச்சது. என் ருசிக்கு கலர் இல்லாததுதான் மேல், கலர் கோட்ட மறைச்சிடுது.

மரியா சிபில்லா மேரியனும் இந்த வரிசைதானே?

பூச்சி வரைஞ்ச ஓவியர் மேரியன், வரிசைன்னு சொல்லலாம், காலம் வேற. 1647ல பிறந்தவங்க, அதுவும் ஆர்கெடிபா வெளியான அதே பிராங்பர்ட்ல. அஞ்சாவது பதில்ல சொன்னேனே, பூச்சிக்கும் செடிக்கும் சம்பந்தமே இல்லன்னு, அத மாத்தினது இவங்கதான். 1679ல போட்ட புத்தகத்துல ஒரு செடி, அதத் தின்னு வளர்ற கம்பளிப்பூச்சி, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி எல்லாத்தையும் ஒரே படத்துல கொண்டு வந்தாங்க. வீட்டுல வளர்த்துப் பார்த்து வரைஞ்சது. பூச்சி சேத்துலயும் அழுகல்லயும் தானா உருவாகுதுன்னு அரிஸ்டாட்டில் காலத்துல இருந்து நம்பிக்கிட்டு இருந்தாங்க, 1668லதான் இத்தாலியில ரேடி மூடின ஜாடி வச்சு இறைச்சியில புழு தானா வரலன்னு காட்டினார். அதுக்கப்புறம் பதினோரே வருஷத்துல இந்தம்மா புத்தகம்.

எங்க பார்க்கலாம்? டவுன்லோடு பண்ணி என் டிசைன்ல யூஸ் பண்ணலாமா?

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் சைட்ல ஹூஃப்நாகல்னு தேடுங்க, பெரிய சைஸ்லயே இலவசமா எடுத்துக்கலாம். வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடம், நியூயார்க் மெட்ரோபாலிடன், கெட்டி எல்லாமே பழைய படங்கள இப்படித் திறந்து விட்டிருக்காங்க. படம் நானூறு வருஷத்துக்கு மேல பழசு, காப்புரிமை கிடையாது, ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் அந்த மியூசியத்தோட நிபந்தனைய மட்டும் ஒரு தடவை படிச்சுக்கோங்க. பயன்படுத்தத்தானே இத வெளியிட்டாங்க, தாராளமா எடுங்க, ஹூஃப்நாகல் பேர மட்டும் எங்கயாவது போடுங்க.

ஆன்லைன்ல பழைய தாள்னு விக்கிறாங்க, அசல்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ரெண்டாவது பதில்ல சொன்ன தகட்டு விளிம்புத் தடத்தத் தேடுங்க, ஓரம் வெட்டப்படாம இருந்தா தெரியும். லென்ஸ் வச்சுப் பாருங்க, கோடு திடமா தொடர்ச்சியா இருக்கணும், புள்ளி புள்ளியா தெரிஞ்சா இப்பத்திய பிரஸ். காகிதத்த வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா கையால செஞ்ச பழைய காகிதத்துல கம்பி வரி வரியா தெரியும். இதெல்லாம் சரியா இருந்தாலும் அது பின்னாடி யாரோ செதுக்கின காப்பித் தகடா இருக்கலாம், மியூசியம் படத்த பக்கத்துல திறந்து வச்சு கோடுக்குக் கோடு ஒப்பிட்டுட்டு அப்புறம் காசு கொடுங்க.

கடைசியா, இத சயின்ஸ்னு சொல்றதா, ஆர்ட்னு சொல்றதா? பூச்சியியல் ஆளுங்களுக்கு இதுல ஏதாவது பிரயோஜனம் உண்டா?

அவங்க காலத்துல அந்த ரெண்டுக்கும் நடுவுல இப்ப இருக்குற சுவர் கிடையாது. ஹூஃப்நாகல் வகைப்படுத்தல, பேர் வைக்கல, வாழ்க்கைச் சுழற்சிய விளக்கல, அதனால இன்னைக்கு அர்த்தத்துல சயின்ஸ்னு சொல்ல முடியாது. ஆனா அந்த பிராங்பர்ட் படங்கள்ல பல பூச்சிகள இப்பவும் இனம் வரைக்கும் அடையாளம் சொல்ல முடியுது, அலங்காரத்துக்கு மட்டும் வரைஞ்சிருந்தா அது நடக்காது. 1602ல போலோன்யாவுல அல்ட்ரோவாண்டி பூச்சிகளுக்குன்னே தனிப் பெரிய புத்தகம் போட்டார், மரக்கட்டை படங்கள், எழுத்துல அறிவு கொட்டிக் கிடக்கு, ஆனா படத்த மட்டும் பக்கத்துல வச்சா அந்தப் பதினேழு வயசுப் பையனோட தும்பிதான் தும்பி மாதிரி இருக்கு.

அதனால நான் சொல்றது, முழு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு தீர்ப்பு கொடுக்காதீங்க. ஒரே தகட்டுல ஒரு ஈ நேர்ல பார்த்ததா இருக்கும், பக்கத்துல இருக்குற வண்டு காப்பியா இருக்கும், கீழ இருக்குற வண்ணத்துப்பூச்சி பாதி நெசம் பாதி கற்பனையா இருக்கும். ஒவ்வொண்ணா எடுத்துக் கால எண்ணுங்க, மூட்டப் பாருங்க, இறக்கை நரம்பு எங்க பிரியுதுன்னு பாருங்க, நத்தை இருந்தா சுழியப் பாருங்க. பூச்சியியல் படிக்கிறவங்க யாராவது இப்படி ஒரு தகட்டயாவது முழுசா உட்கார்ந்து பிரிச்சுப் பார்த்தீங்கன்னா எனக்கு எழுதுங்க, இந்தப் பதிலோட சேர்த்துடுறேன்.